அவருக்காகக் கையெழுத்திட்டவள்

நான் தட்டச்சு செய்கிறவள். முப்பத்தொரு வருடமாக ஒரே வக்கீலின் அலுவலகத்தில், ஒரே ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். என் வேகத்தைப் பார்த்து மற்ற அலுவலகத்துக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். அந்த வேகத்துக்கு ஒரு ரகசியம் உண்டு. தட்டுவதை நான் படிப்பதில்லை. கண் பார்க்கும், விரல் அடிக்கும், நடுவில் மண்டைக்கு வேலையே கிடையாது. யார் யாருக்கு எதை எழுதி வைத்தார், யார் யாரை ஏமாற்றினார் என்று படித்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் எப்படி அடிப்பது? இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெருமையில் மண் விழுந்தது கண்ணாடிக்காரியின் விஷயத்தில்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் என் விரல்கள் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கண்ணாடிக்காரியின் கடை எங்கள் அலுவலகத்திலிருந்து நாலு கடை தள்ளி இருக்கிறது. ஜன்னலுக்கும் படச் சட்டத்துக்கும் அலமாரிக் கதவுக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடை. கீழே கடை, மேலே வீடு. சுவரோரம் மரச் சட்டங்களில் ஷீட்டுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும். நடுவில் பழைய கம்பளி விரித்த பெரிய மேஜை. அவள் அறுக்கும் கருவியை மண்ணெண்ணெயில் தோய்த்து, அளவுகோலை அழுத்திப் பிடித்து, சர்ரென்று ஒரு கோடு இழுப்பாள். அப்புறம் மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. துண்டு தனியாக வந்துவிடும். போட்ட கோட்டின் மேலேயே இரண்டாவது கோடு போட்டால் கண்ணாடி கோணலாகப் பிளக்கும் என்பாள். அவள் இரண்டாவது கோடு போட்டு நான் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினாறு வருடத்தில் ஒரு ஷீட்டைக்கூடக் கைதவறி உடைத்ததில்லை என்று தெருவே சொல்லும்.

கைதான் அப்படி நிதானம். வாய் நேர் எதிர். தப்பு அளவு கொண்டுவருகிறவர்கள் அவளிடம் மாட்டினால் தீர்ந்தார்கள். "போன வாரம் எடுத்த அளவுங்கிறீங்க, இப்ப சேரலங்கிறீங்க. உங்க ஜன்னல் என்ன, வளர்ற புள்ளையா?" என்று கேட்பாள். அவள் புருஷன் அதற்கு நேர்மாறு. வீடு வீடாகப் போய்க் கண்ணாடி பொருத்துகிற வேலை அவனுடையது. அவன் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நாம் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். அவள் கத்துவாள், அவன் சிரிப்பான், அதைப் பார்த்து அவள் இன்னும் கத்துவாள். இப்படியே நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் இன்னொருத்தி உண்டு. அவனுடைய தங்கை. ஆறு வயதில் ஒரு காய்ச்சலில் அவளுக்குக் கண்பார்வை போய்விட்டது. காதும் கூர்மை, வாயும் ஓயாது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர் வைத்தார்கள். அவளுக்கும் அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே தொலைபேசிக்குப் பக்கத்தில் அவளுடைய நாற்காலி. புதிதாக வந்து இறங்கும் ஒவ்வொரு ஷீட்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். "இது விரிசல், திருப்பி அனுப்புங்க" என்பாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. படி பதினாலு, அடுப்படிக்கு ஒன்பது எட்டு தூரம், குழாய் இடது கைப்பக்கம் என்று அந்த வீடு முழுக்க அவள் உடம்பில் இருந்தது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் பார்வை இல்லாதவள் என்று சொல்லவே முடியாது. தெருவில் இறங்கினால் இரண்டாவது அடியிலேயே கை காற்றில் துழாவ ஆரம்பித்துவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் அவளுடைய அப்பா உயில் எழுதினார். வீடும் கடையும் அவள் உயிரோடு இருக்கும்வரை அவளுக்காக. அவளுக்காகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டு மகன்களுக்கும். சட்டத்தில் அந்தப் பொறுப்பாளருக்கு டிரஸ்டி என்று பேர். இரண்டு டிரஸ்டிகளும் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ, ஏன், ஒரு கதவை மாற்றவோகூட முடியாது. அந்த உயிலை அடித்தவள் நான்தான். ஆறு பக்கம். பிழை இல்லாமல் அடித்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மூத்த மகனைப் பெரியவர் என்றே எல்லோரும் சொல்வார்கள். மனை வாங்கி விற்கும் தொழில். அப்பா கண்ணை மூடிய வருடமே அந்த இடத்துக்கு ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். விற்று, வரும் பணத்தில் தங்கச்சியை நல்ல விடுதியில் சேர்த்துவிடலாம் என்பது அவர் பேச்சு. தம்பி அவனுக்கே உரிய வேகத்தில், "இல்லண்ணா... அவ... இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி முடித்தான். இரண்டாவது கையெழுத்து விழவில்லை. விஷயம் அத்தோடு கிடப்பில் போனது.

அப்புறம் போர் வந்தது. எங்கேயோ எல்லையில் யாரோ யாரையோ முறைத்ததற்கு, எங்கள் தெருவிலிருந்து கண்ணாடி பொருத்துகிறவன் போக வேண்டும் என்று தாள் வந்தது. சின்ன வயதில் ஏதோ பயிற்சிக்குப் போனவனாம். பேர் பட்டியலில் இருந்ததாம். பத்து நாள் கெடு. யார் இந்தப் பட்டியல் எல்லாம் வைத்திருக்கிறார்கள்? இவர்கள் வீட்டு ஆண்கள் அந்தப் பட்டியலில் இருப்பார்களா? நான் கேட்கிறேன், யாராவது பதில் சொல்லட்டும்.

போவதற்கு முந்தின நாள் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். போர்ச் சேவைக்குப் போகிற டிரஸ்டி தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வக்கீல் விளக்கினார். ஒப்படைக்கும் பத்திரத்துக்குப் பவர் பத்திரம் என்று பேர். இருக்கிற ஒரே இன்னொரு டிரஸ்டியிடம், அதாவது பெரியவரிடம், ஒப்படைக்க முடியாது. அப்புறம் இரண்டு கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? அதனால் மனைவி பெயரில். அவள் ஒவ்வொரு தாளிலும் 'அவருக்காக' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும்.

"இவ கையெழுத்து என்னோடத விட... நல்லாவே இருக்கும்" என்றான் அவன்.

வக்கீல் கடைசி விதியைப் படித்தார். சேவையில் இருப்பவர் இறந்துபோனால் இந்த அதிகாரம் அந்தக் கணமே முடிந்துவிடும். ஆனால் சேதி அதிகாரம் பெற்றவருக்கு வந்து சேரும்வரை அவர் செய்த எல்லாம் செல்லும்.

"அந்த வரியை எடுங்க" என்றாள் கண்ணாடிக்காரி.

"எடுக்க முடியாதும்மா. சட்டம்."

"சட்டம்னா? போறதுக்கு முன்னாடியே சாவுக்குக் கணக்குப் போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கத்தியவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே அடிச்சீங்க? இதை அடிக்க உங்களுக்குக் கை எப்படிக்கா வந்துச்சு?"

அப்படி ஒரு வரி அதில் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அவன் போனான். அடுத்த வாரமே பெரியவர் கடைக்கு வந்தார். முதலில் நயமாக, அப்புறம் அதட்டலாக, அப்புறம் வாய்க்கு வந்தபடி. அவள் சளைத்தவளா? தெருவே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது. விற்கும் தாளில் கையெழுத்து வாங்க முடியவில்லை என்றதும் அவர் வேறு வழி பிடித்தார். எதற்குமே தான் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்தார். மழையில் மாடிப்படிக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. பழுதுபார்க்க இரண்டு டிரஸ்டிகளும் ஒப்ப வேண்டும். இவள் 'அவருக்காக' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிய தாள் அவர் மேஜையில் மூன்று மாதம் தூங்கியது. படி பாசி பிடித்து, எட்டாவது படியில் ரேடியோ வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஏறி இறங்கிய படி அது. கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கப் பெரியவர் பழக்கூடையோடு வந்து, "இதுக்குத்தான் சொன்னேன், இந்த வீடு உனக்கு ஆபத்தும்மா" என்றார். கண்ணாடிக்காரி பழக்கூடையைத் தெருவில் வைத்துவிட்டு, ஏணியைச் சாத்தி, தானே கூரையில் ஏறினாள். சட்டப்படி அது தப்பு என்று வக்கீல் சொல்லி அனுப்பினார். "ஏணியை வந்து பிடிக்கச் சொல்லுங்க, தப்பை அப்புறம் பேசலாம்" என்று பதில் வந்தது.

வருடம் ஒன்று ஓடியது. அவனிடமிருந்து கடிதம் மாதம் ஒன்று வந்தது. அதிலும் அவன் அப்படித்தான், பாதி வாக்கியங்கள் முடியாமல் நிற்கும். அவள் அதை ரேடியோவுக்குச் சத்தமாகப் படிப்பாள். நடுநடுவே "முடிக்கிறாரா பாரு இந்த மனுஷன்" என்று திட்டுவாள். அப்புறம் கடிதத்தை அளவுகோல் வைக்கும் இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாள்.

அதற்குப் பிறகு பெரியவர் திடீரென்று நல்லவராகிவிட்டார். கூரைக்குக் கையெழுத்துப் போட்டார். விற்பனைப் பேச்சே எடுக்கவில்லை. தம்பியிடமிருந்து கடிதம் வந்ததா, தம்பி எந்த முனையில் இருக்கிறான் என்று மட்டும் அன்பாக விசாரிப்பார். எங்களுக்கெல்லாம் நிம்மதி. ரேடியோவுக்கு மட்டும் இல்லை.

"பெரியண்ணன் ரெண்டு மாசமா சண்டையே போடலக்கா" என்று என்னிடம் சொன்னாள். "குரல்ல அவசரமே இல்ல. எதுக்கோ காத்துட்டு இருக்கிறவங்க குரல் அப்படித்தான் இருக்கும். என்னன்னு எனக்குத் தெரியல. பயமா இருக்கு."

அவள் தட்டிப் பார்த்து விரிசல் என்றால் விரிசல்தான். அன்று சாயங்காலம் நான் அலுவலகத்தில் அந்த உயிலை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக நான் அடித்த ஒன்றை மனுஷி மாதிரி உட்கார்ந்து படித்தேன். நாலாம் பக்கம், மூன்றாவது பத்தி. ஒரு டிரஸ்டி, தனக்குப் பிறகு தன் இடத்துக்கு யார் வர வேண்டும் என்று எழுத்தில் பெயர் குறித்து வைக்கலாம். குறித்து வைக்காமல் இறந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் டிரஸ்டி தனியாகவே எல்லாம் செய்யலாம். விற்பது உட்பட.

அவன் யார் பெயரையும் குறிக்கவில்லை. போவதற்கு முந்தின நாள் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தாள் கூடுதலாக அடித்திருந்தால் போதும். வக்கீலுக்கு நூறு வழக்கு, மறந்தார். அந்தப் பக்கத்தை அடித்த விரல்கள் என் கையில்தானே இருந்தன? பெரியவர் படித்திருக்கிறார். சொந்தத் தம்பி சாகட்டும் என்று பழக்கூடையோடு காத்திருக்கிறார்.

மறுநாள் வக்கீலிடம் போய் நின்றேன். அவர் முகம் வெளிறிப்போனது. யோசித்துவிட்டு, கணவன் உயிரோடு இருக்கும்வரை, சரியாகச் சொன்னால் இறந்த சேதி அவளுக்கு எட்டாதவரை, அவனுக்காக அவளே பெயர் குறிக்கலாம் என்றார். அவள் தன் பெயரையே எழுதிக்கொள்வது மட்டும் கூடாது. அவருக்கு நாலு நாள் வெளியூர் நீதிமன்றத்தில் வேலை. முத்திரை அவர் இழுப்பறையில், சாவி அவர் பையில். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு என்று நேரம் குறித்துவிட்டுப் போனார்.

கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கண்ணாடிக்காரி கருவியைக் கீழே வைத்தாள்.

"படிக்காம அடிப்பீங்களா? மருந்துக் கடையில இப்படி ஒருத்தன் இருந்தா தெருவுல பாதிப்பேர் இருப்பாங்களா?"

"தப்புத்தாம்மா."

"தப்புத்தான். அப்ப உங்க பேரையே எழுதுங்க."

"என் பேரா? எனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?"

"தப்பு பண்ணது நீங்க, சுமக்கிறது வேற ஒருத்தரா? நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா..." அவளும் அந்த ஒரு வாக்கியத்தை முடிக்கவில்லை. "எழுதுங்க. எழுதி ஒவ்வொரு வரியும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குத் தாளோடு கடைக்குப் போனேன். ஒரு படச் சட்டத்துக்குக் கண்ணாடி அறுத்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோ புதிதாக வந்த ஷீட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். போர் தொடங்கிய பிறகு கண்ணாடி வரத்து குறைந்து, அந்த ஐந்து ஷீட்டுக்காக எட்டு வாரம் காத்திருந்தார்கள். மூன்றாவது பத்தி படிக்கும்போது தட்டுகிற சத்தம் நின்றது.

"அண்ணி, பெரியண்ணன் கார். பின்னாடி இன்னொண்ணு" என்றாள் ரேடியோ. தலையைத் தெருப் பக்கம் சாய்த்தாள். "பூட்ஸ். ரெண்டு ஜோடி. சேர்ந்து நடக்கிறாங்க."

எங்கள் தெருவில் யாரும் சேர்ந்தாற்போல் கால் வைத்து நடப்பதில்லை. கண்ணாடிக்காரி என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

முன்னால் பெரியவர் வந்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அழுதிருந்தார். நிஜமாகவே அழுதிருந்தார், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பின்னால் சீருடையில் இரண்டு பேர்: மீசை நரைத்த ஓர் அதிகாரி, ஓர் இளம் பெண். பட்டியலில் அவசரத்துக்கென்று எப்போதோ எழுதியிருந்தது பெரியவரின் தொலைபேசி எண். மனைவி வீட்டுக்கு வழி கேட்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழி காட்ட வந்துவிட்டார்.

"அம்மா, நீங்கதானே இவருடைய..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"ஆமா. உக்காருங்க."

"நாங்க வந்தது..."

"உக்காருங்கன்னு சொன்னேன்ல! எனக்குப் பதினோரு மணிக்கு ஒரு கையெழுத்து இருக்கு. போட்டுட்டு வந்து கேக்கறேன். அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது."

பெரியவருக்கு என் கையிலிருந்த தாள் கண்ணில் பட்டது. அவ்வளவு போதும் அவருக்கு. மனைத் தரகர் இல்லையா, எட்டடி தூரத்திலிருந்தே பத்திரத்தை மோப்பம் பிடிப்பார். "என்னம்மா கூத்து இது? மனசைத் தேத்திக்க. நம்ம தம்பி..."

கண்ணாடிக்காரி பக்கத்தில் நின்ற ஷீட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்து விட்டாள்.

ஆளுயர ஷீட். அது தரையில் விழுந்த சத்தத்தில் அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. துண்டுகள் என் காலடி வரை சிதறின. பதினாறு வருடத்தில் அவள் உடைத்த முதல் கண்ணாடி.

"உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா? அவன் போயி..." என்று அவர் மறுபடி கத்தினார். இரண்டாவது ஷீட் விழுந்தது. அதைத் தள்ளியவள் ரேடியோ.

"நீங்க போங்க அண்ணி" என்றாள். கை மூன்றாவது ஷீட்டின் மேல் இருந்தது. "இன்னும் மூணு இருக்கு. நான் பாத்துக்கறேன்."

நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம். பெரியவர் பின்தொடரப் பார்த்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவே கணுக்கால் ஆழத்துக்குக் கண்ணாடி. அவர் போட்டிருந்தது மெல்லிய தோல் செருப்பு. நின்ற இடத்திலிருந்தே கத்தினார், மூன்றாவதும் விழுந்தது.

நரைத்த மீசைக்காரர் பெரியவரைப் பார்த்தார், வாசலில் தாளோடு நின்ற என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சார், சொல்ல வேண்டியது நாங்க. கேக்க வேண்டியது அவங்க. அவங்க வர்ற வரைக்கும் நீங்களும் உக்காருங்க" என்றார். இராணுவத்தில் ஒரு மனிதன் இருந்தான் என்று அன்று ஒப்புக்கொண்டேன். அதற்கு மேல் அவர்களுக்கு நான் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாலு கடை தூரம். அந்த நாலு கடை தூரத்தில் யாராவது அனுதாபம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. இராணுவக் கார் வந்து நின்றதைத் தெருவே பார்த்திருந்தது. கண்ணாடிக்காரி அன்றைய வேலைகளின் அளவைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டே நடந்தாள். "இருபத்துநாலுக்குப் பதினெட்டு, ரெண்டு! முப்பதுக்கு முப்பது, ஒண்ணு! பன்னெண்டுக்கு ஒன்பது, ஆறு!" எதிர்க்கடைத் தையல்காரர் நெஞ்சில் கை வைத்தபடி அவளை நோக்கி வந்தார். நான் முறைத்த முறையில் கடைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார்.

வக்கீல் சாட்சிகளோடு தயாராக இருந்தார். ஒவ்வொரு பத்திரத்துக்கும் அவர் கேட்கிற வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உங்க கணவர் உயிரோட இல்லைன்னு உங்களுக்கு யாராவது தகவல் சொல்லியிருக்காங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என் ஜன்னலைப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.

எப்போதும் கிறுக்கிவிட்டு எழுந்து போகிறவள், அன்று 'அவருக்காக' என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கீழே தன் பெயரைப் போட்டாள். சாட்சிகள் போட்டார்கள். முத்திரை விழுந்தது. மணி பதினொன்று இருபது. அந்த நிமிடத்திலிருந்து எட்டு வருடமாகப் பெரியவர் ஒரு தாளை நீட்டினால் என்னிடம்தான் நீட்ட வேண்டும். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அன்று அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பேனாவும் கையிலேயே இருந்தது.

"வேற ஏதாவது இருக்கா சார்? அவருக்காகப் போட வேண்டியது?"

"இல்லம்மா. எல்லாம் முடிஞ்சுது."

"நல்லா பாருங்க. வரி, தண்ணி, ஏதாவது தாள் இருக்கும். கொடுங்க, போடறேன்."

வக்கீலுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி தேடினார். ஒன்றும் இல்லை. நான் என் மேஜைக்குப் போனேன். இருபத்துமூன்று வருடம் தட்டியிருந்தேன், அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒரு தாள் இல்லை. பேனாவை மெதுவாக அவள் விரல்களிலிருந்து நான்தான் எடுத்தேன்.

திரும்பி நடக்கும்போது அவள் எந்த அளவும் சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் வரவும் இல்லை. கடையில் பெரியவர் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து ஷீட்டில் ஒன்றுதான் மிச்சம் நின்றது. ரேடியோவின் உள்ளங்கையில் ரத்தம், அந்த இளம் பெண் கைக்குட்டையால் கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடித் துண்டுகள் காலடியில் நொறுங்க, கண்ணாடிக்காரி உள்ளே போய் மேஜைக்கு அந்தப் பக்கம், வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் நின்றாள். கம்பளியை இரண்டு கையாலும் நீவிவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.

அதிகாரி எழுந்து தொப்பியைக் கழற்றினார். ரேடியோ, வாழ்நாளில் எந்தச் சத்தத்தையும் தவறவிடாதவள், தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.